வர்க்கியும் வேணும், சுகரும் ஏறக்கூடாது: மலையில இருக்கறவங்களுக்கு ஒரு முழு சாப்பாட்டு வழிகாட்டி

சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே வீட்ல ஒரு பெரிய லிஸ்ட் ரெடியாயிடும், சோறு கட், உருளைக்கிழங்கு கட், டீ கட், நம்ம ஊர் மொறுமொறு பேக்கரி பண்டமான வர்க்கி கட், பேக்கரி பக்கமே தலைவெச்சு படுக்கக்கூடாது, காலையில ஓட்ஸ், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. கொஞ்ச நாள் நடக்கும். அப்புறம் ஜூன் மாசம் மழை பிடிச்சுக்கும், மத்தியானமே பனிமூட்டம் இறங்கிடும், ஸ்வெட்டருக்குள்ள கை நடுங்கும், அந்த நேரத்துல ஓட்ஸ் கஞ்சி யாருக்குங்க இறங்கும்? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நான் பார்க்கற முக்காவாசி வீட்ல இதுதான் நடக்குது. அதுக்கு அந்த ஆளுக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லைன்னு வீட்ல எல்லாரும் திட்டறாங்க, எனக்கு அதுல சம்மதமே இல்ல. லிஸ்ட் போட்ட விதம்தான் தப்பு.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போறது ஒரே விஷயம்தான். உசுரா நினைக்கற சாப்பாட்டை விடாதீங்க, பெருசா ஆசையே இல்லாம பழக்கத்துல உள்ள போறது நிறைய இருக்கு, அதை விடுங்க, தினமும் சாப்பிடற தட்டை மாத்துங்க. இந்த மூணையும் எப்படி பண்றதுன்னு ஒவ்வொரு படியா போவோம்.

முதல் படி: நிலவரம் என்னன்னு தெரிஞ்சுக்குங்க

டெஸ்ட் எடுக்காம சாப்பாட்டை மாத்தாதீங்க. வெறும் வயித்துல சுகர் 100க்குள்ள இருந்தா நார்மல், 100ல இருந்து 125 வரைக்கும் பார்டர், 126ம் அதுக்கு மேலயும் வந்தா, இன்னொரு தடவை பார்த்தும் அப்படியே இருந்தா, சுகர். மூணு மாச சராசரி காட்டற எச்பிஏ1சி டெஸ்ட்ல 5.7ல இருந்து 6.4 வரைக்கும் பார்டர், 6.5 வந்தா சுகர். கூடவே ஒரு டெய்லர் டேப் எடுத்து வயித்தை அளந்துடுங்க, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை இழுத்துப் பிடிக்காம. ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினா கவனிக்கணும். ஆள் பார்க்க ஒல்லியாத்தான் இருக்காரு, வயிறு மட்டும் முன்னாடி இருக்குன்னு சொல்லுவோமே, நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆபத்து அந்த வயித்துலதான். வெள்ளைக்காரங்களை விட கம்மி எடையிலயே நமக்கு சுகர் வந்துடுது, அதனாலதான் உயரத்துக்கு எடை சரியான்னு பார்க்கற பிஎம்ஐ கணக்கு 23 தாண்டினாலே நமக்கு அதிக எடைன்னு கணக்கு வெக்கறாங்க. 2023ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வுல இந்தியாவுல 10 கோடிக்கு மேல சுகர்காரங்க, 13 கோடிக்கு மேல பார்டர்ல இருக்கறவங்கன்னு வந்துச்சு, அதனால நமக்கு மட்டும் ஏன் இப்படின்னு நினைச்சு மனசை விட்டுடாதீங்க.

ஆஸ்பத்திரி தூரமா இருக்கு, பஸ் கம்மின்னு டீ எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகள்ல இருக்கறவங்க சொல்லுவாங்க. 2021ல இருந்து தமிழக அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நடக்குது, வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்ப்பாங்க. உங்க ஏரியா சுகாதார நிலையத்துல கேட்டு பேரைக் குடுத்து வெச்சுடுங்க.

ரெண்டாவது படி: எது ஆசை, எது சும்மா

ஒரு நோட்டு எடுத்து ஒரு வாரம் வாயில போறது எல்லாத்தையும் எழுதுங்க. எதையும் மாத்த வேணாம், எப்பவும் போல சாப்பிடுங்க, எழுத மட்டும் செய்ங்க. அக்கா வீட்ல குடுத்த முறுக்கு, பையன் மிச்சம் வெச்ச பிஸ்கட், ஆபீஸ்ல யாருக்கோ பொறந்தநாள்னு வந்த கேக், எல்லாம் வரணும். வாரம் முடிஞ்சதும் ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது இன்னைக்கு கிடைக்கலைன்னா மனசு தேடுமா? தேடும்னா ஒரு நட்சத்திரம் போடுங்க, தேடாதுன்னா கோடு போடுங்க.

எங்க பக்கத்து வீட்டு அண்ணன் டீ ஃபேக்டரியில வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். அவர் நோட்டை அண்ணியும் நானும் சேர்ந்து பார்த்தோம். ஒரு நாளைக்கு ஆறு டீ இருந்துச்சு. அண்ணி ஒண்ணொண்ணா கேட்டாங்க, "இது தேடுமாங்க? இது?" காலையில எந்திரிச்சதும் வர்க்கியோட குடிக்கறதுக்கு உடனே தலையாட்டினாரு. சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து குடிக்கறதுக்கும் தலையாட்டினாரு. மிச்ச நாலுக்கும் யோசிச்சாரு, அப்புறம் சொன்னாரு, "எல்லாரும் எந்திரிச்சு போறாங்க, நானும் போறேன், வேற என்ன." அந்த நாலு டீ, கூடவே போன பன்னு, ரஸ்க், பிஸ்கட், இதெல்லாம் போனா அவருக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நட்சத்திரம் போட்ட ரெண்டு டீயை யாரும் தொடவே இல்ல. இதுதான் இந்த படியோட முழு வேலை. உங்க நோட்டுலயும் நட்சத்திரம் நீங்க நினைக்கறதை விட கம்மியாத்தான் இருக்கும், பாருங்க.

எனக்கு தெரிஞ்சு வீட்டு மிக்சர் டப்பாவுக்கு யாரும் நட்சத்திரம் போட்டதில்ல.

மூணாவது படி: டீ

நீலகிரியில உட்கார்ந்துட்டு டீயை விடுன்னு சொல்ல எனக்கு மனசு வராது, அது நமக்கு சோறு போடற செடி. டீயால பிரச்சனை கம்மிதான், அதுல போடற சர்க்கரையாலதான் எல்லாமே. ஒரு ஸ்பூன்ல சுமார் 5 கிராம் சர்க்கரை, ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன், நாலு டீன்னா 40 கிராம் ஆயிடுச்சு. ஐசிஎம்ஆரும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல குடுத்த வழிகாட்டியில ஒரு நாளைக்கு மொத்தமா 25 கிராம் தாண்டக்கூடாதுன்னு சொல்றாங்க, அதுல ஸ்வீட், ஜூஸ், பிஸ்கட்ல இருக்கறதும் சேர்ந்துதான் வரும். டீயிலயே அந்த கணக்கு உடைஞ்சு போச்சு.

ஒரேயடியா சர்க்கரை இல்லாம குடிக்காதீங்க, வெறுத்துப் போயிடும். வாரத்துக்கு கால் ஸ்பூன் குறைங்க. நாக்கு பழகிடும், நிஜமாவே பழகும், கொஞ்ச மாசம் கழிச்சு கடையில பழைய இனிப்புல குடுத்தாங்கன்னா உங்களுக்கே திகட்டும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, மலைத்தேன்னு மாத்திட்டா சரியாப் போச்சுன்னு நிறைய பேர் நம்பறாங்க. வாசனை நல்லாத்தான் இருக்கும், ஆனா ரத்தத்துல ஏர்றப்போ அதுவும் சர்க்கரைதான், அதே கணக்குலதான் வரும். காட்டுத்தேன் எனக்கும் ரொம்ப பிடிக்கும், அதுக்கு நட்சத்திரம் போட்டு ஒரு ஸ்பூன் ருசிச்சு சாப்பிடுங்க, மருந்துன்னு நினைச்சு ஊத்தாதீங்க.

இன்னொண்ணு, டஸ்ட் டீத்தூளைப் போட்டு பால்ல நல்லா கொதிக்க விட்டா கசக்கும், கசப்பை அடக்க சர்க்கரை கேக்கும். நம்ம ஊர்ல நல்ல இலை டீ கிடைக்குது. தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு இலையைப் போட்டு மூணு நிமிஷம் மூடி வெச்சு வடிகட்டுங்க, அந்த மணத்துக்கு அரை ஸ்பூனே போதும். ஃபேக்டரி வாசல் கடையிலயே வாங்கிக்கலாம்.

பொம்பளைங்க முக்கியமா கேக்கணும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் ஒரு மணி நேரம் பின்னாடியும் டீ வேணாம். டீயில இருக்கற டானின் சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது. 2019-21 தேசிய குடும்பநல கணக்கெடுப்புல நாட்டுல 15ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. குளிருக்கு இதமா இருக்குன்னு சோறு சாப்பிட்ட கையோட டீ குடிக்கற பழக்கம் நம்ம மலையில ரொம்ப இருக்கு. அதுக்கு பதிலா சூடா மிளகு ரசம் ஒரு டம்ளர் குடிங்க, இதமும் கிடைக்கும், இரும்பும் போகாது.

நாலாவது படி: தினசரித் தட்டு

இதுதான் பெரிய படி. வாரத்துல இருபது வேளை சாப்பிடறோம், நட்சத்திர சாப்பாடு அதுல மூணு நாலு வேளைதான். மிச்ச வேளையெல்லாம் சரியா இருந்தா அந்த மூணு நாலை நிம்மதியா சாப்பிடலாம். நான் எல்லாரையும் இந்த இடத்துலதான் நிறுத்தி வெச்சு பேசுவேன்.

அதே 2024 வழிகாட்டியில ஒரு நாளைக்கு 2000 கலோரி வேணுங்கறவங்களுக்கு ஒரு தட்டுக் கணக்கு குடுத்திருக்காங்க: கீரையும் சேர்த்து காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், அரிசி கோதுமை சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு முட்டை கறி மீன் வகையில 85 கிராம், கொட்டை விதை வகை 35 கிராம், பால் இல்ல தயிர் 300 மில்லி, எண்ணெய் நெய் 27 கிராம். 250 கிராம்னா சமைக்காத அரிசி ஒன்றரை டம்ளர் சொச்சம், காலை இட்லி தோசை மத்தியானம் சோறு ராத்திரி சப்பாத்தி எல்லாம் அதுக்குள்ளதான். நம்ம தட்டு எப்படி இருக்குன்னா சோறு மலையா இருக்கும், பொரியல் ஓரத்துல ஒரு கரண்டி இருக்கும். அதை மாத்தணும். ஆனா ஒண்ணு, சரிவுல நாள் முழுக்க நின்னு கொழுந்து எடுக்கற அக்காங்களுக்கும் தோட்டத்துல மண்வெட்டி பிடிக்கறவங்களுக்கும் இந்த 2000 பத்தாது, அவங்க சோத்தை குறைக்கவே வேணாம், காயும் பருப்பும் மட்டும் கூட்டினா போதும். கடையில கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து வேலை பார்க்கறவங்களுக்குத்தான் இந்த கணக்கு.

காய்கறி விஷயத்துல நம்மளை மாதிரி குடுத்துவெச்சவங்க யாரும் இல்ல. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல், பீன்ஸ், பச்சைப்பட்டாணி எல்லாம் இங்க விளைஞ்சுதான் கீழ லாரியில போகுது, கொடைக்கானல் பக்கம்னா பட்டர் பீன்ஸும் மலைப்பூண்டும். ஆனா இங்கயே காய் சாப்பிடறது கம்மியா இருக்கறதைப் பார்த்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு. உழவர் சந்தைக்கு போனா பீட்ரூட்டை இலையோட கேட்டு வாங்குங்க, அந்த இலையும் முள்ளங்கி இலையும் நூல்கோல் இலையும் நல்ல கீரை, பாசிப்பருப்பு போட்டு கூட்டு வெச்சா அவ்ளோ ருசி, நிறைய பேர் கிள்ளி தூரப் போட்டுடறாங்க. மருந்து அடிச்சிருப்பாங்க, அதனால ஓடற தண்ணியில நல்லா ரெண்டு மூணு தடவை தேய்ச்சு கழுவுங்க. கேரட்ல இனிப்பு இருக்கு சுகர் ஏறும்னு பயந்து ஒதுக்க வேணாம், மென்னு சாப்பிடற கேரட்டால ஒண்ணும் ஆகாது, சர்க்கரை போட்டு ஜூஸ் அடிக்காதீங்க அவ்ளோதான்.

உருளைக்கிழங்கு தனி விஷயம். ஊட்டி உருளை நம்ம பெருமை, அதை கட் பண்ணுன்னு நான் சொல்லவே மாட்டேன், ஆனா அந்த 400 கிராம் காய் கணக்குல அது வராது, சோத்துப் பக்கம் சேர்த்துக்கணும். சோறு நிறைய, கூட உருளைக்கிழங்கு வறுவல்னா சோத்துக்கு சோறே தொட்டுக்கற மாதிரி. உருளை இருக்கற அன்னைக்கு சோத்தை ரெண்டு கரண்டி குறைச்சு, கூட பீன்ஸோ கோஸோ ஒண்ணு வெச்சுட்டா முடிஞ்சுது.

இப்ப பருப்பு. மலையில பருப்பும் பயறும் கம்மியா சமைக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2200 மீட்டருக்கு மேல இருக்கு, இங்க தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 92, 93 டிகிரியிலயே கொதிச்சுடும், அதனால திறந்த பாத்திரத்துல வெச்சா பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும், கொண்டைக்கடலை கேக்கவே வேணாம். கேஸ் போகுதுன்னு விட்டுடறாங்க. முந்தின நாள் ராத்திரியே வெதுவெதுப்பான தண்ணியில ஊற வெச்சுடுங்க, குளிருக்கு ஊர்றதும் லேட்டுதான், அதனால நல்லா பன்னெண்டு மணி நேரம் விடுங்க, அப்புறம் குக்கர்ல கீழ ஊர்ல வெக்கறதை விட ரெண்டு மூணு விசில் கூட விடுங்க. 60 கிலோ எடை இருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 கிராம் புரதம் வேணும். ரெண்டு முட்டையில 12 கிராம், ஒரு பெரிய கிண்ணம் பயறுல ஒரு 12, பாலும் தயிரும் ஒரு 10, மிச்சம் தானியத்துல வந்துடும். கிடைக்காத சரக்கு எதுவும் இல்ல, பவுடர் டப்பா எதுவும் வாங்க வேணாம்.

இதுக்கெல்லாம் நல்ல பதில் நம்ம மலையிலயே இருக்கு. படுகர் வீடுகள்ல செய்யற அவரை உதக்கா சாப்பிட்டிருக்கீங்களா? எங்க தெரு அக்கா ஒருத்தங்க செய்யறதை பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். ஊறவெச்ச அவரைக்கொட்டையை குக்கர்ல மெத்துன்னு வேகவெச்சு தனியா வெச்சுக்குவாங்க. சட்டியில கொஞ்சமா எண்ணெய், நிறைய வெங்காயம், தக்காளி, வீட்லயே வறுத்து அரைச்ச மசாலாப்பொடி, ரெண்டு உருளை நறுக்கிப் போட்டு, கொட்டையை கொட்டி, வேகவெச்ச தண்ணியையும் ஊத்தி மூடிடுவாங்க. உருளை வெந்ததும் கரண்டி பின்பக்கத்தால நாலஞ்சு கொட்டையை சட்டி ஓரத்துல வெச்சு நசுக்குவாங்க, அதுல குழம்பு தானா கெட்டியாகும், தேங்காயும் வேணாம் மாவும் வேணாம். அதை சுடச்சுட ராகி ஹிட்டு, அதாவது ராகிக்களி மேல ஊத்தி குடுத்தாங்கன்னா குளிரு எங்க போச்சுன்னே தெரியாது. புரதம், நார்ச்சத்து எல்லாம் அந்த தட்டுலயே இருக்கு, ராகியில 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. இதை விட்டுட்டு கீழ இருந்து வர்ற பாக்கெட் ஓட்ஸை ஏன் கண்ணை மூடிட்டு முழுங்கணும்? சத்துள்ள சாப்பாடுன்னா ருசி இல்லாம இருக்கும்னு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க, அதை நம்பாதீங்க. சாமைச் சோறும் அப்படித்தான், வாரத்துல ரெண்டு நாள் அரிசிக்கு பதிலா வெச்சுப் பாருங்க. ஆனா சாமை, ராகின்னா எவ்ளோ வேணா சாப்பிடலாம்னு கிடையாது, அதுவும் மாவுச்சத்துதான், அளவு அளவுதான்.

சாப்பிடற வரிசையையும் மாத்துங்க. முதல்ல பொரியல், கூட்டு, முட்டை, பயறு, அப்புறம்தான் சோறு. காயும் புரதமும் முதல்ல உள்ள போனா சோறு மெதுவா செரிக்கும், சாப்பிட்ட பின்னாடி சுகர் சட்டுனு ஏறாது. சாப்பிட்டதும் பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, நம்ம ஊர்ல வாசல் தாண்டினாலே மேடுதான், மழைன்னா வீட்டுக்குள்ளயே நடங்க.

எண்ணெய்க்கும் உப்புக்கும் தினமும் அளந்து மாளாது, மாசக்கணக்கா பாருங்க. நாலு பேர் இருக்கற வீட்டுக்கு நெய்யெல்லாம் சேர்த்து மாசம் மூணரை லிட்டருக்கு மேல போகக்கூடாது. உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அப்போ ஒரு கிலோ பாக்கெட் நாலு பேருக்கு ஐம்பது நாள் வரணும், அதுவும் ஊறுகாய், அப்பளம், பேக்கரி உப்பெல்லாம் சேர்த்துப் பார்த்தா இன்னும் கூட நாள் வரணும். மலைப்பக்கம் மண்ணுல இருக்கற அயோடினை மழை கரைச்சுட்டு போயிடும், அதனால கல் உப்பு, இந்துப்புன்னு மாறினாலும் அயோடின் சேர்த்ததா பார்த்து வாங்குங்க.

அஞ்சாவது படி: நட்சத்திர சாப்பாட்டை சாப்பிடற முறை

வர்க்கியில என்ன இருக்கு? மைதா, சர்க்கரை, வனஸ்பதி இல்ல நெய். மடிச்சு மடிச்சு விறகு அடுப்புல சுட்டு எடுக்கறதால அந்த மொறுமொறுப்பு. ஊட்டி வர்க்கிக்கு புவிசார் குறியீடே இருக்கு. அதுல சத்து இல்ல, சந்தோஷம் இருக்கு, அதுக்காகத்தான் சாப்பிடறோம்னு தெளிவா ஒத்துக்கிட்டு சாப்பிடுங்க. எப்படின்னா,

வீட்டுக்கு அரை கிலோ வாங்கி டப்பாவுல போடாதீங்க. கண்ணுக்கு முன்னாடி இருந்தா கை போகும், அது மனுஷ சுபாவம். கடைக்கு போங்க, அன்னைக்கு சுட்டதா கேளுங்க, ரெண்டு வாங்குங்க, உட்கார்ந்து சாப்பிடுங்க. போன் உள்ள இருக்கட்டும். டீயில முனையை மட்டும் தோய்ச்சு, அந்த அடுக்கு அடுக்கா ஊறி நாக்குல கரையறதை கவனிச்சு சாப்பிடுங்க. வயிறு நிறைஞ்சதுன்னு மூளைக்கு தகவல் போக இருபது நிமிஷம் ஆகும்னு சொல்லுவாங்க, மெதுவா சாப்பிட்டா ரெண்டுலயே மனசு நிறைஞ்சுடும், டிவி முன்னாடின்னா எட்டு போனாலும் நிறையாது. அந்த டீக்கு சர்க்கரை வேணாம், இனிப்பு வர்க்கியிலயே இருக்கு. வனஸ்பதி பத்தி பயம் இருக்கறவங்களுக்கு, 2022ல இருந்து எண்ணெய் வனஸ்பதியில டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஆனாலும் நெய் வர்க்கி கிடைச்சா அதையே வாங்குங்க, ருசிக்கும் அதுதான் மேல்.

பஜ்ஜிக்கு ஒரே ஒரு சட்டம்: எண்ணெயைப் பாருங்க. கருப்பா, கெட்டியா, நுரை பொங்கிட்டு, புகை விட்டுட்டு இருந்தா அந்த கடையை விட்டு நகருங்க. திரும்பத் திரும்ப காய்ச்சின எண்ணெய் ருசியையும் கெடுக்கும் உடம்பையும் கெடுக்கும். இதைவிட வீட்ல மழை நாள்ல மொளகா பஜ்ஜி போட்டு எல்லாரும் அடுப்பைச் சுத்தி நின்னு சாப்பிடறது எவ்ளோ மேல். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு லைட்டா ரசமும் காயும்.

ஹோம்மேட் சாக்லேட் வாங்கறவங்க லேபிளைப் பாருங்க. நிறைய இடத்துல விக்கறது காம்பவுண்ட், அதாவது கோகோ வெண்ணெய்க்கு பதிலா வேற தாவரக் கொழுப்பு போட்டது. கோகோ வெண்ணெய்யில செஞ்ச டார்க் சாக்லேட்ல ரெண்டு துண்டு சாப்பிட்டா போதும்னு தோணும், காம்பவுண்ட்ல தோணாது. லேபிள்ல எது முதல்ல எழுதியிருக்கோ அதுதான் அதிகமா இருக்குன்னு அர்த்தம், ராகி பிஸ்கட்னு போட்டிருக்கும், முதல் பேரே மைதாவா இருக்கும்.

பழத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். மே, ஜூன்ல பிளம்ஸும் பீச்சும் வரும், அப்புறம் பேரிக்காய், பட்டர் ஃப்ரூட்ங்கற அவகாடோ. பட்டர் ஃப்ரூட்ல நல்ல கொழுப்பு இருக்குன்னு எல்லாரும் ஜூஸ் குடிக்கறாங்க, அதுல நாலு ஸ்பூன் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் போட்டா அது ஸ்வீட்தான். உப்பு மிளகு தூவி, கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சு, நசுக்கி தோசைக்குத் தொட்டுக்குங்க. மரத்தக்காளி கிடைச்சா சுட்டு தோல் உரிச்சு பச்சை மிளகாயோட சட்னி அரைங்க, இட்லிக்கு அப்படி இருக்கும்.

ஆறாவது படி: குளிரா பசியா

குளிர்ல நமக்கு தாகமே தெரியாது, வேர்க்காததால தண்ணி வேணும்னும் தோணாது. ஆனா நாலு மணிக்கு ஏதாவது கொறிக்கணும் போல இருக்கும். அப்போ முதல்ல ஒரு டம்ளர் வெந்நி குடிச்சுட்டு, ஸ்வெட்டர் மாட்டிட்டு, பத்து நிமிஷம் பாருங்க. அதுக்கப்புறமும் பசிச்சா அது நிஜப் பசி, தயங்காம சாப்பிடுங்க. பட்டாணி சுண்டல், வேகவெச்ச கடலை, சோளக்கதிர், முட்டை, காய் சூப், இதுல ஏதாவது ரெடியா இருக்கணும். ஸ்கூல்ல இருந்து குளிர்ல நனைஞ்சு வர்ற பிள்ளைங்களுக்கும் இதுதான், சூடா எது கையில குடுக்கறோமோ அதைத்தான் சாப்பிடும்ங்க. எதுவும் இல்லாதப்பதான் பிஸ்கட் பாக்கெட் உடையுது.

ஏழாவது படி: விசேஷம், விருந்து, கோயில்

கல்யாணத்துல, படுகர் ஊர்த் திருவிழாவான ஹப்பாவுல எண்ணெயில பொரிச்ச எண்ணெ ஹிட்டு குடுப்பாங்க, பழனிக்கு போனா பஞ்சாமிர்தம். வேணாம்னு சொல்லி குடுக்கறவங்க மனசை நோகடிக்காதீங்க. வாங்குங்க, சாப்பிடுங்க. பசியோட போகாம, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிட்டு போனா இலையில பாய மாட்டீங்க. இலையில இருக்கற எல்லாத்தையும் முடிக்கணும்னு இல்ல, பிடிச்ச ரெண்டை நல்லா சாப்பிடுங்க. மறுநாள் பட்டினி மட்டும் கிடக்காதீங்க, பட்டினி கிடந்தா சாயங்காலம் கண்டதையும் அள்ளிப் போடுவோம். மறுநாள் வழக்கமான தட்டு, அவ்ளோதான்.

எட்டாவது படி: வீட்ல பேசற விதம்

சுகர் இருக்கற அப்பாவுக்கு மட்டும் தனியா உப்புச்சப்பில்லாத தட்டு வெச்சுட்டு மத்தவங்க பூரி சாப்பிட்டா, அவர் வெளிய போய் தெரியாம சாப்பிடத்தான் செய்வாரு. இது எத்தனை வீட்ல நடக்குது தெரியுமா? வீடு முழுக்க ஒரே சமையல் பண்ணுங்க. பெரியவங்ககிட்ட "ஏம்ப்பா அதை தின்னீங்க"ன்னு போலீஸ் மாதிரி கேக்காதீங்க. "அப்பா, நாளைக்கு காலையில நம்ம ரெண்டு பேரும் நடந்து போய் வர்க்கி சாப்பிட்டு வரலாமா"ன்னு கேளுங்க. நடையும் ஆச்சு, அளவும் ஆச்சு, அவருக்கு ஒளிச்சு சாப்பிட வேண்டிய அவமானமும் இல்ல. சமைக்கற அம்மா கையில இருந்துதான் இந்த மாற்றம் எல்லாம் வரணும், அதனால எண்ணெயைக் குறை, உப்பைக் குறைன்னு கட்டளை போடறவங்க முதல்ல சந்தைக்கு போய் காய் வாங்கி நறுக்கியும் குடுங்க. பிள்ளைங்ககிட்ட இது நல்ல சாப்பாடு, அது கெட்ட சாப்பாடுன்னு பிரிச்சு பயமுறுத்தாதீங்க, குண்டா இருக்கேன்னு கேலி பண்ணவே பண்ணாதீங்க, வளர்ற பிள்ளைங்களுக்கு டயட்டும் வேணாம், தட்டுல காயும் முட்டையும் இருந்தா போதும்.

கடைசி படி: திரும்ப டெஸ்ட்

மூணு மாசம் கழிச்சு எச்பிஏ1சி எடுங்க, அதுக்கு முன்னாடி எடுத்தா மாற்றம் முழுசா தெரியாது. வயித்தை அதே டேப்ல அதே இடத்துல அளங்க. நம்பர் இறங்கியிருந்தா இதையே தொடருங்க. இறங்கலைன்னா மறுபடி ஒரு வாரம் நோட்டு எழுதுங்க, முக்காவாசி நேரம் டீ சர்க்கரையோ ராத்திரி சோறோ அதுல பிடிபட்டுடும். அப்பவும் பிடிபடலைன்னா சாப்பாட்டை இன்னும் இறுக்காதீங்க, தூக்கம், மன அழுத்தம், பரம்பரைன்னு வேற காரணமும் இருக்கும், டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டும் நோட்டும் ரெண்டையும் கொண்டு போங்க.

இன்சுலின் போடறவங்களும் சுகர் மாத்திரை எடுக்கறவங்களும் சோத்தை திடீர்னு குறைச்சா சுகர் ரொம்ப இறங்கி மயக்கம் வரலாம், அதனால மாத்தறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, நம்பர் நல்லா இருக்குன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு மேல சொன்ன பயறு, கீரை, உருளை அளவு அப்படியே பொருந்தாது, கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் கணக்கு வேற, அவங்க அரசு ஆஸ்பத்திரியிலயே டயட்டீஷியனைப் பார்த்து தனியா தட்டு போட்டு வாங்கிக்குங்க.